அம்மாவின் நாற்காலியில் உட்கார்ந்து கேட்ட ஸ்பீக்கர்கள்

எங்கள் ஹால் டிவிக்கு இதுவரை மூன்று விதமான ஸ்பீக்கர் மாட்டிப் பார்த்தாகிவிட்டது. தாழ்ந்த ஒலிக்கென்று தனிப் பெட்டியான சப்வூஃபரோடு வந்த ஒரு 2.1 சவுண்ட்பார் (டிவிக்குக் கீழே வைக்கும் நீளமான ஸ்பீக்கர் கட்டை; 2 என்பது இடம், வலம் என்ற சேனல்கள், .1 என்பது சப்வூஃபர்), ஆம்ப்ளிஃபையர் உள்ளேயே அடங்கிய, அலமாரியில் வைக்கிற அளவுள்ள ஒரு ஜோடி புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர், நடுவில் பேச்சுக்கென்று தனி ஸ்பீக்கர் உள்ள ஒரு 3.1 சவுண்ட்பார். மூன்றில் என் காதுக்குப் பிடித்தது அந்த ஜோடி. ஹாலில் நிலைத்தது 3.1 பார். அது ஏன் என்பதை விவரமாகவே எழுதுகிறேன். கடையில் பத்து நிமிடம் நின்று கேட்டால் பிடிபடாத வித்தியாசம் இது.

அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. டிவிக்கு நேர் எதிரே இருக்கும் சோபாவில் அவர் உட்காருவதில்லை. ஜன்னலோரம், டிவிக்கு இடப்பக்கமாக ஒதுங்கியிருக்கும் சாய்வு நாற்காலிதான் அவர் இடம். முதுகுவலிக்கு அதுதான் தோது. "சத்தம் இருக்குற அளவு போதும்டா. என்ன பேசுறாங்கன்னு புரிஞ்சா சரி" என்பது அவர் வைத்த ஒரே கோரிக்கை. அதனால் மூன்றையும் அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் எடைபோட்டேன்.

டிவியின் சொந்த ஸ்பீக்கரைக் குறை சொல்லும் முன் அதன் நிலைமையையும் பார்க்க வேண்டும். பழைய பிக்சர் டியூப் டிவிக்கு ஆழமான பெட்டி இருந்தது; ஸ்பீக்கர் பெரும்பாலும் முன்பக்கம் நம்மைப் பார்த்தபடி இருந்தது. இன்றைய தட்டை டிவியில் திரையைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்குக்கூடச் சட்டம் கிடையாது. ஸ்பீக்கரை அடியிலோ முதுகிலோதான் ஒளித்து வைக்க முடிகிறது. ஒலி மேசையிலோ சுவரிலோ பட்டுத் திரும்பி நம்மிடம் வருவதற்குள் கூர்மை மழுங்கிவிடுகிறது. பெட்டிக்குள் காற்றுக்கும் இடமில்லாததால் அடிச்சுருதியும் எழும்பாது. டிவி மெலிய மெலிய ஒலியும் மெலிந்தது.

பேச்சில் எந்தப் பகுதி காணாமல் போகிறது என்பதை அம்மாவைக் கவனித்துத்தான் புரிந்துகொண்டேன். அவருக்குச் சத்தம் கேட்காமல் இல்லை. 'பத்து' என்றால் 'பட்டு' என்று விழுகிறது. 'காசு' என்றால் 'காது' என்று விழுகிறது. உயிரெழுத்துகளின் பலமெல்லாம் பெரும்பாலும் 1000 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கிறது (ஒலி நொடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்பதே ஹெர்ட்ஸ்; எண் கூடினால் சுருதி கூடும்). ஒரு மெய்யை இன்னொரு மெய்யிலிருந்து பிரித்துக் காட்டும் நுணுக்கங்கள் 2000 முதல் 4000 ஹெர்ட்ஸ் வட்டாரத்தில் இருக்கின்றன. 'ச', 'ஸ' போன்ற உரசொலிகள் அதற்கும் மேலே. வயதாகும்போது காது முதலில் இழப்பது அந்த மேல்பகுதியை. டிவி ஸ்பீக்கர் சுவரிடம் தொலைத்துவிட்டு வருவதும் அதையேதான். இந்த நிலையில் வால்யூமைக் கூட்டினால் உயிரொலி மட்டும் உரக்கக் கேட்கும், வல்லினம் தேய்ந்தபடியே கிடக்கும். பக்கத்து அறைக்குத் தூக்கம் போகிற அளவுக்குச் சத்தம் வைத்தும் "என்ன சொன்னான்?" என்று கேட்கிற வீடுகளில் நடப்பது இதுதான். (அம்மாவைக் காதுப் பரிசோதனைக்கும் அழைத்துப் போனோம். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் அதைச் செய்துவிடுங்கள். எந்த ஸ்பீக்கரும் அதற்கு மாற்றாகாது.)

2.1 பார் தம்பியின் தேர்வு. கடையில் அவனுக்கு ஒரு வெடிச்சத்தக் காட்சியைப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். தரை அதிர்ந்திருக்கிறது, வாங்கிவிட்டான். சண்டைக் காட்சிகளுக்கு நன்றாகத்தான் இருந்தது. டிவியின் ஒலியோடு ஒப்பிட்டால் பெரிய முன்னேற்றம் என்பதையும் மறுக்க மாட்டேன். ஆனால் பின்னணி இசையில் நீளமாக ஒரு பேஸ், அதாவது தாழ்ந்த கனமான ஒலி, ஓடும்போதெல்லாம் அம்மாவின் நெற்றி சுருங்கியது. தாழ்ந்த ஒலி தனக்கு மேலே இருக்கும் ஒலிகளை மூடிவிடும்; இது காதுக்குள்ளேயே நடக்கிற காரியம், எவ்வளவு உயர்ந்த ஸ்பீக்கராக இருந்தாலும் நடக்கும். சப்வூஃபரின் அளவைப் பாதிக்கும் கீழே இறக்கினேன். "இப்ப பரவாயில்ல" என்றார். வேறு எதையும் நான் தொடவில்லை.

சப்வூஃபரே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே போய்விட்டால் ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காதால் சரியாகப் பிரித்துச் சொல்ல முடியாது. அந்த எல்லைக்குள் வேலை செய்கிற சப்வூஃபரை அறையின் எந்தப் பக்கம் வைத்தாலும் பெரிதாக உறுத்தாது. சிக்கல் சின்ன பார்களில்தான். பாருக்குள் இருக்கும் ஸ்பீக்கர்கள் குட்டியானவை என்பதால் சப்வூஃபர் 150, சிலவற்றில் 200 ஹெர்ட்ஸ் வரை ஏறி உழைக்க வேண்டியிருக்கிறது. ஆண் குரலின் அடிச்சுருதி ஏறக்குறைய 85 முதல் 180 ஹெர்ட்ஸ் வரை. ஆக, ஒரே மனிதரின் குரலில் கொஞ்சம் திரையிலிருந்தும் கொஞ்சம் சோபாவின் பின்னால் இருக்கும் பெட்டியிலிருந்தும் வரும். 'வயர்லெஸ்தானே, எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம்' என்று சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், இந்த வகை சப்வூஃபரை டிவிக்குப் பக்கத்திலேயே வையுங்கள். மூலையில் ஒட்டி வைத்தால் பேஸ் இன்னும் வீங்கும். சுவரிலிருந்து கொஞ்சம் நகர்த்தினாலே தெளிவு கூடும்.

அடுத்து வந்த புக்‌ஷெல்ஃப் ஜோடி என் தேர்வு. தாழ்ந்த ஒலிக்கு ஐந்து அங்குல வூஃபர், உயர்ந்த ஒலிக்கு ஓர் அங்குல ட்வீட்டர், மரப்பெட்டி. டிவியின் இரு பக்கமும், ட்வீட்டர் காது உயரத்துக்கு வரும்படி ஸ்டாண்டில் நிறுத்தி, லேசாக உள்பக்கம் திருப்பினேன். சோபாவின் நடுவில் உட்கார்ந்து கேட்டபோது மெய்மறந்துபோனேன். செய்தி வாசிப்பவரின் குரல், ஸ்பீக்கரே இல்லாத இடத்திலிருந்து, திரையில் அவர் வாய் இருக்கும் இடத்திலிருந்தே வந்தது. பாடகர் பல்லவிக்கு முன் மூச்சு இழுப்பது கேட்டது. வயலினில் வில் கம்பியைத் தொடுகிற அந்த முதல் உரசல் கேட்டது. பழைய படங்களின் ஒற்றை ஒலித்தடம்கூட இதில் உடம்போடு ஒலித்தது. பெட்டிக்குப் போதிய கொள்ளளவு இருந்தால் பேஸுக்குத் தனி சப்வூஃபரைத் தேட வேண்டியதில்லை என்பதையும் இந்த ஜோடியில்தான் உணர்ந்தேன்.

இங்கே ஆலன் ப்ளூம்லைனைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. ஸ்டீரியோவுக்கு 1931ல் காப்புரிமை கோரிய ஆங்கிலேயப் பொறியாளர். திரையில் நடிகர் ஒரு பக்கம் இருக்க, குரல் வேறொரு பக்கத்து ஸ்பீக்கரிலிருந்து வருவது அவரை உறுத்தியதாம்; அந்த உறுத்தலில்தான் வேலையைத் தொடங்கினார் என்பார்கள். இசைக்காகவே ஸ்டீரியோ வந்தது என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, பிம்பத்தையும் குரலையும் ஒட்டவைக்கும் ஆசையும் அதன் வேரில் இருக்கிறது என்று தெரிந்தபோது அந்த ஜோடியின் மேல் இன்னும் பிரியம் கூடியது.

ஆனால் அந்த மாயம் நடுவில் உட்கார்ந்தவருக்கு மட்டும். அம்மாவின் நாற்காலிக்கு இடது ஸ்பீக்கர் வலதைவிட ஒரு மீட்டருக்கும் மேல் கிட்டத்தில் இருக்கிறது. ஒரு மீட்டரைக் கடக்க ஒலிக்கு ஏறக்குறைய 3 மில்லிநொடி ஆகும். அது காதுக்குத் தாராளம். முதலில் வந்து சேர்ந்த ஒலியின் பக்கமே காது சாய்ந்துவிடும். அவர் இடத்தில் போய் உட்கார்ந்தேன்: குரல் முழுவதும் இடது பெட்டிக்குள் போய் ஒட்டிக்கொண்டிருந்தது. திரையில் ஒருவர் வாயசைக்கிறார், பேசுவது ஜன்னல் பக்கம். வாயசைவைப் பார்த்துப் பாதி வார்த்தையைப் பிடிக்கிறவர்களுக்கு இது எவ்வளவு சோர்வு என்பது அங்கே உட்கார்ந்தால்தான் தெரியும்.

இன்னொரு விஷயமும் உண்டு. நட்டநடுவில் உட்கார்ந்தாலும் அது விடாது. இரண்டு ஸ்பீக்கரும் ஒரே குரலைச் சொல்லும்போது, இடது ஸ்பீக்கரின் ஒலி வலது காதைக் கால் மில்லிநொடி போலத் தாமதமாக அடைகிறது. வலதின் ஒலி இடது காதை அப்படியே. அந்தச் சின்னத் தாமதம் 2000 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டத்தில் ஒலியை ஓரளவு அடித்துவிடுகிறது. மெய்யெழுத்துகள் பிரியும் அதே இடம். இளம் காது இதைப் பொருட்படுத்தாமல் ஈடுகட்டிவிடும். அம்மாவின் காதுக்கு அது பெரிய இழப்பு.

3.1 பாருக்கு வந்தது இதனால்தான். படங்களுக்கும் தொடர்களுக்கும் 5.1 ஒலி (இடம், வலம், நடு, பக்கவாட்டில் இரண்டு, கூடவே சப்வூஃபர்) தயாரிக்கும்போது வசனத்தைப் பெரும்பாலும் நடுச் சேனலில்தான் வைக்கிறார்கள். வெறும் இரண்டு சேனல் டிவிக்கு அதை மடிக்கும்போது நடுச் சேனலை 3 டெசிபெல் (ஒலியளவின் அலகு) குறைத்து இடத்திலும் வலத்திலும் கலப்பது வழக்கமான முறை; பக்கவாட்டு ஒலிகளும் அதே இரண்டில் வந்து விழும். மழையும் கூட்டமும் இசையும் வசனமும் ஒரே வாசலில் நெருக்கியடிக்கின்றன. நடு ஸ்பீக்கர் தனியாக இருந்தால் வசனம் பெரும்பாலும் அதன் வழியே தனித்து வரும். ஒரே ஸ்பீக்கர் என்பதால் மேலே சொன்ன கால் மில்லிநொடித் தாமதமும் இல்லை, எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் குரல் திரையை விட்டு நகராது. எல்லாவற்றையும்விட எனக்கு உபயோகமானது, நடு ஸ்பீக்கரின் அளவை மட்டும் தனியாகக் கூட்ட முடிவதுதான். எங்கள் வீட்டில் அது 3 டெசிபெல் மேலே நிற்கிறது. மொத்த வால்யூம் முன்பைவிடக் குறைந்திருக்கிறது. அம்மா ரிமோட்டைக் கையில் எடுப்பதே அபூர்வமாகிவிட்டது.

இதன் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். பாட்டுக்கு இது அந்த ஜோடியின் பக்கத்தில் நிற்காது. இடமும் வலமும் ஒரே கட்டைக்குள் அடங்கியிருப்பதால் ஒலி விரிந்து கேட்காமல் மேடை ஒடுங்கிப்போகிறது. பேச்சைத் துலக்கும் மோடைப் போட்டுவிட்டுப் பாட்டுக் கேட்டால் 'ஸ' எல்லாம் சீறும், மிருதங்கத்தின் தொப்பி காணாமல் போகும். இந்த மோடு பல நிறுவனங்களிடம் உண்டு. யமஹா 'கிளியர் வாய்ஸ்' என்கிறது, சோனோஸ் 'ஸ்பீச் என்ஹான்ஸ்மென்ட்' என்கிறது. செய்திக்கும் தொடருக்கும் அது வரம். இசை நிகழ்ச்சி வந்தால் நிறுத்திவிட வேண்டும். ஒரே பட்டனில் நிறுத்த முடிகிறதா, மெனுவுக்குள் மூழ்கித் தேட வேண்டியிருக்கிறதா என்பதை வாங்கும் முன் பாருங்கள். பெரியவர்கள் இருக்கும் வீட்டில் இது சின்ன விஷயமல்ல.

நடு ஸ்பீக்கர் உள்ள பாரை வாங்கி மாட்டிவிட்டு 'ஒன்றும் பெரிதாக மாறவில்லையே' என்கிறவர்கள் டிவியின் ஒலி மெனுவைத் திறக்க வேண்டும். டிஜிட்டல் ஆடியோ அவுட் என்று ஒரு வரி இருக்கும். அது 'பிசிஎம்' என்று இருந்தால் பல டிவிகள் 5.1 ஒலியை இரண்டாக மடித்துத்தான் அனுப்பும். பார் பாவம், கலந்து வந்ததிலிருந்து வசனத்தை ஊகித்துப் பிரிக்கும். 'பிட்ஸ்ட்ரீம்', 'பாஸ்த்ரூ' அல்லது 'ஆட்டோ' என்று மாற்றிவிட்டு 5.1 உள்ள ஒரு படத்தைப் போடுங்கள். பாரின் டிஸ்ப்ளேயிலோ செயலியிலோ 'டால்பி' (பல சேனல் ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறை) என்று வந்தால் நடு ஸ்பீக்கருக்கு அதன் பங்கு போய்ச் சேர்கிறது. செய்தி உட்படப் பல நேரலை நிகழ்ச்சிகள் இன்னும் இரண்டு சேனலில்தான் வருகின்றன. அவற்றுக்கு இந்த மாற்றம் எதுவும் செய்யாது. அப்போது பார் தானே செய்யும் ஊகம்தான் கைகொடுக்கும். நல்ல பார்கள் அதைத் திறமையாகவே செய்கின்றன.

இணைப்புக்கு எச்டிஎம்ஐ ஏஆர்சிதான் என் முதல் சிபாரிசு. 2009ல் எச்டிஎம்ஐ 1.4 பதிப்போடு வந்த வசதி இது. எச்டிஎம்ஐ கேபிளிலேயே டிவியின் ஒலி ஸ்பீக்கருக்குத் திரும்பி வரும். கூடவே வருவது டிவி ரிமோட்டிலேயே ஸ்பீக்கரின் வால்யூமைக் கூட்டிக் குறைக்கும் வசதி, டிவியோடு தானே உயிர்பெற்று அணைவது. ஒலியை ஒளியாக அனுப்பும் ஆப்டிகல் கேபிளில் ஒலி குறையில்லாமல் வரும், டால்பி டிஜிட்டல் 5.1 வரை தாங்கும். ஆனால் வால்யூம் கட்டளை அந்த ஒளியிழையில் போகாது. பெரும்பாலும் இரண்டாவது ரிமோட் தேவைப்படும். சில பார்கள் டிவி ரிமோட்டின் சிக்னலைக் கற்றுக்கொள்ளும். எந்த இணைப்பு உண்டு என்பது ஒரே நிறுவனத்திலேயே மாடலுக்கு மாடல் மாறுகிறது. சோனோஸின் ரே பாரில் ஆப்டிகல் மட்டும், பீம் பாரில் எச்டிஎம்ஐ. கெஃப் எல்எஸ்எக்ஸ் ஜோடியின் முதல் பதிப்பில் எச்டிஎம்ஐ கிடையாது, இரண்டாம் பதிப்பில் ஏஆர்சியோடு வந்தது. பெயரைப் பார்த்து முடிவு செய்யாமல் பின்பக்கத்துப் படத்தைப் பாருங்கள். 2017ல் எச்டிஎம்ஐ 2.1 கொண்டுவந்த இஏஆர்சி, சுருக்கப்படாத பல சேனல் ஒலிக்கானது. ப்ளூரே தட்டு சேகரிப்பவர்களுக்கு அது தேவை. ஸ்ட்ரீமிங் பார்க்கிற எங்களைப் போன்ற வீட்டுக்கு ஏஆர்சியே போதும்.

புளூடூத்தில் டிவியை இணைப்பதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். சாதாரண புளூடூத் ஒலி 100 முதல் 200 மில்லிநொடி வரை பின்தங்கும். சில டிவிகள் படத்தைத் தாமதப்படுத்தி ஈடுகட்டப் பார்க்கும், எல்லாம் செய்வதில்லை. நொடிக்கு 25 படச்சட்டம் ஓடும் காட்சியில் 200 மில்லிநொடி என்பது ஐந்து சட்டம். உதடு மூடிய பிறகு சொல் வருகிறது. வாயசைவை நம்பிக் கேட்கிறவர்களுக்கு அது கொடுமை. கேபிள் வழியே வந்தும் லேசான விலகல் தெரிந்தால் டிவியிலோ பாரிலோ ஏவி சிங்க் என்ற திருத்தம் இருக்கும். பேசுபவரின் உதட்டைப் பார்த்துக்கொண்டே நகர்த்திச் சரிசெய்யலாம்.

வாட்ஸ் எண்ணைப் பெட்டியில் எவ்வளவு பெரிதாகப் போட்டிருந்தாலும் அதன் பின்னால் போகாதீர்கள். ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டரில் 86 டெசிபெல் தரும் சாதாரண ஸ்பீக்கர், மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் ஏறக்குறைய 76 டெசிபெல் தரும். சாதாரண உரையாடலின் அளவு 60 டெசிபெல் சொச்சம். அதாவது வீட்டில் பேச்சுக் கேட்க ஒரு வாட் தாராளம். காதுக்கு இரு மடங்கு சத்தமாகத் தோன்ற வேண்டும் என்றால் பத்து மடங்கு சக்தி வேண்டும், ஆகவே 100க்கும் 150க்கும் காது பெரிய வித்தியாசம் காணாது. தலைக்கு மேலிருந்தும் ஒலி வருவதுபோலக் காட்டும் டால்பி அட்மாஸ் பற்றியும் கேட்பார்கள். பாரின் மேல்நோக்கிய ஸ்பீக்கர்களின் ஒலி கூரையில் மோதித் திரும்பினால்தான் அந்த உணர்வு வரும்; கூரை தட்டையாகவும் மிக உயரமில்லாமலும் இருக்க வேண்டும். பேச்சுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அறை சரியில்லாவிட்டால் எந்த ஸ்பீக்கரும் தோற்கும். ஹாலில் ஒருமுறை கைதட்டிப் பாருங்கள். தட்டிய சத்தம் கணகணவென்று இழுபட்டால் வெறுந்தரையும் வெறுஞ்சுவரும் வேலையைக் காட்டுகின்றன. எங்கள் ஹாலில் ஜன்னலுக்குக் கனமான திரை போட்டு, டிவிக்கும் சோபாவுக்கும் நடுவில் ஒரு கம்பளம் விரித்தோம். பெரிய பாருக்கு மாறியதைவிட அது தந்த தெளிவு குறைவில்லை. பாரை அலமாரித் தட்டுக்குள் தள்ளி வைக்காமல் மேசையின் விளிம்புவரை முன்னே இழுத்து வைத்தேன். பின்னால் தள்ளினால் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் மேசைப் பலகையே இன்னொரு சுவராகிவிடும்.

கேட்டுப் பார்க்கப் போகும்போது கடைக்காரர் போடும் காட்சியை நாகரிகமாக நிறுத்தச் சொல்லுங்கள். உங்களுக்கு ஏற்கெனவே புரியாமல் போன ஒரு வசனத்தைப் போடச் சொல்லுங்கள்: மழையில் இருவர் தாழ்ந்த குரலில் பேசுவது, கூட்டத்தின் ஆரவாரத்துக்கு நடுவே வர்ணனை, அழுதுகொண்டே சொல்லும் வார்த்தை. ஒலியை வீட்டில் வைக்கும் அளவுக்கு இறக்குங்கள். தாழ்ந்த வால்யூமில் காது பேஸையும் உச்சியையும் குறைத்துத்தான் கேட்கும், அங்கே தெளிவாக இருப்பதுதான் இரவு பத்து மணிக்கு உதவும். பிறகு நேர் எதிரிலிருந்து விலகி ஓரமாகப் போய் நின்று அதே வசனத்தை மறுபடி கேளுங்கள்.

புக்‌ஷெல்ஃப் ஜோடி இப்போது என் அறையில், சின்ன டிவிக்கு இருபுறமும் இருக்கிறது. தனியாகப் பார்க்கிறவர், எப்போதும் நடுவில் உட்காருகிறவர், பாட்டின் மேல் உயிரை வைத்திருக்கிறவர் என்றால் யோசிக்காமல் ஏஆர்சி உள்ள ஒரு ஜோடியை வாங்கலாம். வீட்டில் நாலு பேர் நாலு மூலையில் உட்காருவார்கள், அதில் ஒருவருக்குக் காது மந்தம் என்றால் நடு ஸ்பீக்கர் உள்ள பார். எதுவானாலும் கிளம்பும் முன் டிவியின் பின்பக்கத்தை ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், ஏஆர்சி என்று எழுதியிருக்கும் துளை தெரிகிற மாதிரி. திரையின் அடிவிளிம்புக்கும் மேசைக்கும் இடையே எத்தனை அங்குலம் என்று அளந்து குறித்துக்கொள்ளுங்கள். டிவிக் கால்களுக்கு இடையே உள்ள அகலத்தையும் சேர்த்து அளக்க வேண்டும். திரைக்கும் மேசைக்கும் இடையே உள்ள இடைவெளியைவிட பார் உயரமாக இருந்தால் ரிமோட் சிக்னலை வாங்கும் கண்ணை மறைத்துவிடும்.